மேற்பூச்சுக்கு அடியில் பழைய சிப்

அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்பு விமானம் பி-8ஏ பொசைடன். 2009 இறுதியில், சோதனையில் இருந்த அத்தகைய விமானம் ஒன்றில் பனி படிவதை விமானிக்கு உணர்த்தும் கருவி செயலிழந்தது. பிரித்துப் பார்த்தால், ஒரு மின்னணு பாகம் தன் இடத்தைவிட்டுக் கழன்று பெட்டிக்குள் கிடந்தது. புதியது என்று விற்கப்பட்ட அது, உண்மையில் பயன்படுத்திக் கழித்த பழைய பாகம்.

இது ஒற்றைச் சம்பவம் அல்ல. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 1,800 சம்பவங்களில் போலி எனச் சந்தேகிக்கப்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் சிக்கியதாக, செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. பூர்வீகம் கண்டறியப்பட்டவற்றில் 70 சதவீதத்துக்கும் அதிகமானவை சீனாவிலிருந்து வந்தவை.

குப்பைக்குப் போன கணினிப் பலகைகளைத் தீயில் வாட்டினால் ஈயப்பற்று உருகி, சிப்புகள் தாமாக உதிரும். அவற்றைக் கழுவிக் காயவைத்து, மேலே இருக்கும் எழுத்துகளைத் தேய்த்து அழித்து, கறுப்புப் பூச்சு பூசி, புதிய எண்ணும் தேதியும் பொறிக்கிறார்கள். சாதாரண வணிகச் சிப்புக்கு 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் உத்தரவாதம். ராணுவ ரகத்துக்கு மைனஸ் 55 முதல் 125 வரை. அந்த வேறுபாட்டைப் போலிச் சரக்கு விற்கும் வியாபாரி ஓர் எண்ணை மாற்றி எழுதியே கடந்துவிடுகிறார்.

தீயில் வாடிய சிப் பெரும்பாலும் உடனே சாவதில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. பிளாஸ்டிக் உறை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீர்ச் சூட்டில் அது நீராவியாகி உறையை உள்ளிருந்து பிளக்கும்; மயிரிழை போன்ற இணைப்புக் கம்பிகள் தளரும். மேசைச் சோதனையில் அந்தச் சிப் தேறிவிடலாம். விமானம் உயரே ஏறிக் குளிர்ந்து, இறங்கிச் சூடாகும் ஒவ்வொரு முறையும் சிலிக்கானும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. விரிசல் வளர்கிறது. எந்தப் பறப்பில் அறுந்துபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தகைய சரக்கை ஏன் வாங்குகிறார்கள்? ஒரு சிப் சில ஆண்டுகளில் உற்பத்தியிலிருந்து நின்றுவிடுகிறது. போர் விமானம் தலைமுறைகளைக் கடந்து பறக்கிறது. 1962இல் தயாரிப்பு நின்ற பி-52 குண்டுவீச்சு விமானங்கள் இன்றும் பணியில் இருக்கின்றன. தயாரிப்பாளரிடம் இல்லாத பாகத்தைத் தேடி இடைத்தரகர் சந்தைக்குப் போகும்போதுதான் போலி உள்ளே நுழைகிறது.

பிடிக்க வழிகள் உண்டு. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மட்டமான பூச்சு கரைந்து வரும். ஆனால் தேர்ந்த பூச்சு அதற்கும் தப்பிவிடும். எக்ஸ்-ரேயில் இணைப்புக் கம்பிகளின் அமைப்பை அசலோடு ஒப்பிடலாம். மீயொலியால் உறைக்குள் இருக்கும் பிளவைக் காணலாம். அமிலத்தால் உறையைக் கரைத்துச் சிலிக்கானில் பொறித்த அடையாளத்தைப் படிப்பதே அழுத்தமான சாட்சியம். ஆனால் அப்படிச் சோதித்த சிப் மீண்டும் பயன்படாது. ஒரே பெட்டியில் பல மூலங்களின் சரக்கு கலந்திருந்தால், மாதிரிக்கு எடுத்தது நல்லதாக இருப்பதால் மற்றவை நல்லவை ஆகிவிடாது.

ஆகவே, உற்பத்தி நிற்கும் அறிவிப்பு வந்ததுமே ஆயுட்காலத் தேவை முழுவதையும் தயாரிப்பாளரிடம் வாங்கி, ஈரம் புகாமல் சேமித்து வைப்பதே எனக்கு நம்பகமான வழியாகத் தெரிகிறது. பல ஆண்டுகளுக்கான பணம் அதில் முடங்கும் என்பதால் நிறுவனங்கள் தயங்குகின்றன. 2011 இறுதியில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் அந்தக் கணக்கை மாற்றியது: போலிப் பாகத்தை அகற்றி மாற்றும் செலவைப் பொதுவாக அரசின் தலையில் கட்ட முடியாது, ஒப்பந்த நிறுவனமே ஏற்க வேண்டும்.