சமையலறைக் குட்டி ஈக்கள் எங்கே பிறக்கின்றன?

சமையலறையில் குட்டி ஈக்கள் சுற்ற ஆரம்பித்தால் முதல் சந்தேகம் பழக்கூடை மேல்தான் விழும். பழங்களை எடுத்து மூடி வைக்கிறோம், ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி வைக்கிறோம். தினமும் நிறைய ஈக்கள் அதில் விழுந்து சாகின்றன. ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. கண்ணில் படுபவை எல்லாமே வளர்ந்த ஈக்கள். அடுத்த தலைமுறை எங்கேயோ ஓர் ஈரமான இடத்தில் புழுவாகத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காதவரை கிண்ணத்தில் எத்தனை விழுந்தாலும் பயனில்லை.

அழுகும் பொருளிலிருந்து ஈ தானாகவே உண்டாகிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668-இல் வெளியிட்ட சோதனை அதை உடைத்தது. சில ஜாடிகளில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டும் புழு வந்தது. ஆக, ஈ இருந்தால் முட்டையிட்ட இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

தேடுவதற்கு முன் ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்ப்பது நல்லது. எந்த ஈ என்று தெரிந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. மஞ்சள் கலந்த பழுப்பு உடலும் சிவப்புக் கண்ணும் 3 மில்லிமீட்டருக்குள் நீளமும் இருந்தால் அது பழ ஈ, டிரோசோஃபிலா. இந்த ஈயைப் போல விரிவாக ஆராயப்பட்ட பூச்சி வேறு இருக்குமா என்பது சந்தேகமே. அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் இதே இனத்தில் தோன்றிய ஒரு வெள்ளைக் கண் ஈயை வைத்துத்தான் மரபணுக்கள் குரோமோசோம்களில் இருப்பதற்கு வலுவான ஆதாரம் காட்டினார். 1933-இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாக ஆய்வகங்களில் வளர்க்கப்படுவதால் இதன் வாழ்க்கைக் கணக்கு நமக்குத் துல்லியமாகத் தெரியும். 25 டிகிரி செல்சியஸில் முட்டை ஒரு நாளில் பொரிகிறது. முட்டை முதல் சிறகு முளைத்த ஈ வரை சுமார் 10 நாள். 18 டிகிரியில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒரு பெண் ஈ தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும்.

இதன் புழுவுக்கு முக்கிய உணவு பழத்தைவிட, அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுதான். புளிக்கும்போது ஆல்கஹால், அசிட்டிக் அமிலம், பழவாசனை தரும் எஸ்டர்கள் எல்லாம் காற்றில் கலக்கின்றன. அந்த மணம் உணர்கொம்பில் பட்டதும் ஈ காற்று வரும் திசை நோக்கிப் பறக்கிறது. மணம் அறுந்துபோனால் குறுக்கும் நெடுக்குமாக அலைந்து மறுபடி அதைப் பிடிக்கிறது. ஈக்கள் அதிகம் தெரியும் இடம் அவை பிறந்த இடமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். பிறந்தது குப்பைத் தொட்டியின் அடியாக இருக்கலாம், கூடுவது மேசைமேல் இருக்கும் வாழைப்பழத்தைச் சுற்றியாக இருக்கலாம்.

புழு வளர ஒரு முழுப் பழம்கூடத் தேவையில்லை. கழுவாமல் வைத்த ஜூஸ் பாட்டிலின் அடியில் தேங்கிய சொட்டு, குப்பைப் பைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒழுகிய நீர், காயாமல் மடித்து வைத்த துடைதுணி, அடுப்புக்குப் பின்னால் உருண்டுபோன வெங்காயம் என எதுவும் போதும். என் யோசனை, உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். மேலே நல்லவையாக இருந்தாலும் அடியில் ஒன்று குழைந்து கிடக்கும். வெறும் பார்வை அதைத் தவறவிட்டுவிடும், மூக்கையும் நம்புங்கள். வளர்ந்த புழு கூட்டுப்புழுவாகும் நேரத்தில் ஈரத்தை விட்டு ஏறி, காய்ந்த பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. தொட்டியின் உட்சுவரிலோ மூடியின் விளிம்பிலோ அரிசியைவிடச் சிறிய பழுப்புக் கூடுகள் தெரிந்தால் மூலம் பக்கத்தில்தான் இருக்கிறது.

சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், சிறகெல்லாம் மயிராக இருக்கும், பார்த்தால் குட்டி அந்துப்பூச்சி என்றே தோன்றும் ஈ வேறு வகை. அது வடிகால் ஈ. அதிக தூரம் பறக்காது. குழாயின் உட்சுவரில் சோப்பு, எண்ணெய், உணவுத் துணுக்கு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம் படிகிறதே, அதற்குள்தான் இதன் புழு வாழ்கிறது. வால் முனையில் இருக்கும் சிறு குழாயை மேலே நீட்டிக் காற்றை எடுத்துக்கொள்கிறது. கொதிநீரையோ பிளீச்சையோ ஊற்றினால் பெரும்பகுதி படலத்தின் மேலே ஓடிவிடும், உள்ளே இருக்கும் புழு தப்பித்துவிடும். நீண்ட பிரஷை விட்டுப் படலத்தைச் சுரண்டி எடுப்பதுதான் வேலைக்கு ஆகும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள், நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

எந்த வடிகால் என்று தெரிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவில், ஒட்டும் பக்கம் கீழே பார்க்க, வடிகால் வாயின் குறுக்கே டேப் ஒட்டிவிடுங்கள். காற்று போக ஓரத்தில் இடம் விடுங்கள். உள்ளிருந்து வெளியே வரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். சில இரவுகள் தொடர்ந்து, எல்லா வடிகால்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகம் பயன்படுத்தாத வடிகால் என்றால் அதன் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றி, கழிவுக் குழாயிலிருந்தே ஈ மேலே வரலாம். அங்கே அவ்வப்போது தண்ணீர் ஊற்றினாலே சரியாகும்.

பறப்பதைவிட அதிகமாக விறுவிறுவென்று ஓடி ஓடி நிற்கும், முதுகு கூனிய ஈயைப் பார்த்தால் கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும். அழுகும் கரிமப் பொருள் எதிலும் வளரும் இந்த ஃபோரிட் ஈ, தரைக்கு அடியில் உடைந்த கழிவுக் குழாயிலிருந்தும் வரக்கூடும். அலமாரி, தொட்டி, வடிகால் எல்லாம் சுத்தமாக இருந்தும் இது வந்துகொண்டே இருந்தால் குழாயைச் சோதிக்க ஆள் அழைப்பதே சரி.

நீண்ட கால்களோடு கொசு போல மெலிந்து, செடித் தொட்டியைச் சுற்றித் தள்ளாடிப் பறப்பது பூஞ்சைக் கொசு. இதன் புழு ஈர மண்ணில் இருக்கிறது. ஓர் உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டினால், கருந்தலையோடு கண்ணாடி போன்ற புழுக்கள் ஒட்டியிருக்கும். மேல்மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் குறைந்துவிடும்.

மூலத்தை அகற்றிய மறுநாளும் ஈக்கள் பறக்கும். ஏற்கெனவே கூட்டில் இருப்பவை வெளிவர இன்னும் பல நாள் ஆகும், முன்பே வளர்ந்தவையும் சில வாரம் உயிரோடு இருக்கும். வினிகர்க் கிண்ணம் உண்மையில் உதவுவது இந்த நேரத்தில்தான். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, உட்காரும் ஈ மிதக்காமல் மூழ்கிவிடும். தினமும் விழுபவற்றை எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் இன்னொரு மூலம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் நீர் சேரும் தட்டைப் பலரும் திறந்தே பார்ப்பதில்லை, அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.