பாஸ்டருக்காக யாரு ஜெபிக்கிறது? ஒரு டாக்டரம்மா கிளினிக்ல பாத்தது

லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல, ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஒரு பாஸ்டரை நாலு பேர் ஆட்டோல ஏத்திக்கிட்டு என் கிளினிக்குக்கு ஓடி வந்தாங்க. சட்டையெல்லாம் வேர்த்து தொப்பலா நனைஞ்சிருக்கு, பேச்சு குழறுது, பேரு என்னன்னு கேட்டா வேற எதையோ சொல்றாரு. கூட வந்தவங்கள்ல ஒருத்தர் அவர் தலையில கைய வெச்சு சத்தமா ஜெபிச்சுக்கிட்டே இருந்தாரு, இது சத்துருவோட, அதாவது பிசாசோட தாக்குதல்னு. நான் விரல்ல குத்திப் பாத்தா சுகர் 48. நரம்புல குளுக்கோஸ் ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல கண்ணை முழிச்சு "கூட்டம் முடிஞ்சிட்டா டாக்டரம்மா?"ன்னு கேட்டாரு பாருங்க, அதுதான் அவரோட முதல் கேள்வி.

விசாரிச்சா 40 நாள் உபவாசம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணிதான், ஆனா சுகரைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல காலைல போட்டுட்டு வந்திருக்காரு. சாப்பாடு இல்லாம அந்த மாத்திரையைப் போட்டா சுகர் தாழ இறங்கத்தான் செய்யும், ஒரு தடவை ஏத்தி விட்டாலும் மறுபடி இறங்கும், அதனால ஒரு நாள் வெச்சுப் பாக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தித்தான் எழுதுறேன்.)

வெளிய நின்னவங்ககிட்ட "உங்க பாஸ்டருக்கு சுகர் இருக்கிறது தெரியுமா"ன்னு கேட்டேன். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. பன்னெண்டு வருஷமா அவங்க பாஸ்டர் அவர். அவருக்கு இவங்க வீட்டுல யாருக்கு முட்டி ஆபரேஷன், எந்தப் பொண்ணுக்கு வரன் தட்டிப்போகுது, எவன் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கிட்டான் எல்லாம் தெரியும், பேர் சொல்லி ஜெபிப்பாரு. இவங்க அவருக்காக பண்ற ஜெபம் என்னன்னா "ஆண்டவரே எங்க ஊழியக்காரரை ஆசீர்வதியும், இரட்டத்தனையான அபிஷேகத்தால நிரப்பும், ஆமென்." முடிஞ்சுபோச்சு. தப்பான ஜெபம்னு சொல்லல, ஆனா ஆளைத் தெரியாமலே பண்ணலாம் இந்த ஜெபத்தை.

எங்க பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம், மத்த சபையில பாஸ்டர். யாரா இருந்தாலும் என் கிட்ட வர்றப்ப கொண்டுவர்றது ஏறக்குறைய ஒண்ணுதான். பிபி 140/90-ஐ தாண்டி எப்பவோ போயிருக்கும், பாத்திருக்க மாட்டாங்க. மைக் இல்லாம கத்திக் கத்தி தொண்டை கட்டி, குரல் மாசக்கணக்கா கரகரன்னு இருக்கும். மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருந்தா காதுமூக்குதொண்டை டாக்டரைப் பாக்கணும்னு சொன்னா "கன்வென்ஷன் கூட்டங்க முடியட்டும்"பாங்க. அப்புறம் தூக்கம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு பிசாசு பிடிச்சிருக்குன்னு போன் வரும், விடியக்காலம் நாலு மணிக்கு யாரோ இறந்துட்டாங்கன்னு வரும், அன்னிக்கு சாயங்காலமே ஒரு கல்யாண வீட்டுல சிரிச்சுக்கிட்டு நிக்கணும். காலைல அடக்க ஆராதனையில அழுதவங்களோட அழுதுட்டு சாயங்காலம் பிரியாணிக்கு முன்னாடி ஜோக் சொல்ற வேலை வேற எந்தத் தொழில்ல இருக்கு சொல்லுங்க. தனிச் சபை நடத்துறவங்களா இருந்தா பிஎஃப் கிடையாது, சம்பளம்னு ஒண்ணு கிடையாது, காணிக்கைப் பையில வர்றதுதான், அதுலதான் வாடகையும் பிள்ளைங்க ஃபீஸும்.

பைபிள்ல அப்போஸ்தலன் பவுல், தான் அடி வாங்கினது, கப்பல் உடைஞ்சது, பட்டினி கிடந்தது எல்லாத்தையும் 2 கொரிந்தியர் 11-ல வரிசையா சொல்லிட்டு வந்து, அதுக்கெல்லாம் மேல தினமும் என்னை நெருக்குறது எல்லாச் சபைகளைப் பத்தின கவலைன்னு முடிக்கிறாரு. கசையடியோட சேத்து எண்ணுற அளவுக்கு ஒரு பாரம் அது. அந்த மனுஷன்தான் 1 தெசலோனிக்கேயர் 5:25-ல "சகோதரரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்"னு ஒரே வரியில கேக்குறாரு. மத்த இடங்கள்ல இன்னும் விவரமாவே கேக்குறாரு, அதை கவனிச்சுப் பாருங்க. எபேசியர் 6-ல சங்கிலியில கட்டப்பட்டு இருக்கிறப்ப விடுதலைக்காக ஜெபிங்கன்னு கேக்கல, தைரியமா பேசுறதுக்கு வார்த்தை கிடைக்கணும்னு கேக்குறாரு. ரோமர் 15 கடைசியில மூணு காரியம் கேக்குறாரு: யூதேயாவுல எதிர்க்கிறவங்க கையில இருந்து தப்பணும், எருசலேம்ல இருக்கிற பரிசுத்தவான்கள் தான் கொண்டுபோற உதவியை ஏத்துக்கணும், அப்புறம் ரோம்ல இருக்கிற சபைக்கு வந்து அவங்களோட இளைப்பாறணும். சொந்த ஆளுங்களே ஏத்துக்குவாங்களான்னு பயம் இருந்திருக்கு, ரெஸ்ட் வேணும்னு ஏக்கமும் இருந்திருக்கு. நம்ம ஊர்ல ஒரு பாஸ்டர் ஸ்டேஜ்ல நின்னு "நான் ரெஸ்ட் எடுக்கணும், ஜெபிங்க"ன்னு சொன்னா அடுத்த கமிட்டில என்ன பேச்சு வரும்னு உங்களுக்கே தெரியும்.

பைபிள்ல எலியா தீர்க்கதரிசியோட கதையை டாக்டரா படிக்கிறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும். கர்மேல் மலையில அவர் ஜெபிச்சு வானத்துல இருந்து அக்கினி இறங்கின அவ்வளவு பெரிய வெற்றி, அது கழிஞ்சு கொஞ்ச நாள்லயே சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்கிறாரு. அதுக்கு தேவதூதன் வசனமா சொன்னான், உன் விசுவாசம் எங்கன்னா கேட்டான்? தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வெச்சு, தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினாரு, மறுபடி எழுப்பி சாப்பிட வெச்சான். தூக்கமும் சாப்பாடும் முதல்ல, பேச்சு அப்புறம், நானும் அதே வரிசையிலதான் எழுதிக் கொடுக்கிறேன். ஞாயித்துக்கிழமை பெரிய பிரசங்கம் முடிஞ்ச மறுநாள் காலைல காரணமே இல்லாம அழுகை வருதுன்னு என் முன்னாடி உக்காந்து சொன்ன பாஸ்டர்கள் ஒண்ணு ரெண்டு பேர் இல்ல. லண்டன்ல ஆயிரக்கணக்கான பேருக்கு பிரசங்கம் பண்ணின ஸ்பர்ஜனுக்கும் இது இருந்தது. 1856 அக்டோபர்ல அவர் கூட்டத்துல யாரோ தீ தீன்னு பொய்யா கத்தி, நெரிசல்ல 7 பேர் செத்துப்போனாங்க, அப்ப அவருக்கு 22 வயசு. அந்த மனச்சோர்வு அவரை கடைசி வரைக்கும் விட்டு விட்டு வந்து பிடிச்சிருக்கு. இப்படி இருக்கிறவருக்கு ஜெபமும் வேணும் சைக்கியாட்ரிஸ்ட்டும் வேணும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு எதுக்குன்னு கேக்காதீங்க. வெளிய சொல்ல கூச்சமா இருந்தா 14416-க்கு கூப்பிடலாம், அரசாங்கத்தோட டெலிமானஸ்ங்கிற மனநல உதவி போன், தமிழ்லயே பேசலாம், பேர் சொல்லணும்னு இல்ல.

யாத்திராகமம் 17-ல ஒரு யுத்தம், மோசே கையைத் தூக்கியிருக்கிற வரைக்கும் இஸ்ரவேலர் ஜெயிப்பாங்க, கை சோர்ந்து இறங்கினா தோப்பாங்க. சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல அதைச் சொல்லிக் கொடுத்தப்ப "ஆரோனும் ஊரும் அவன் கைகளைத் தாங்கினார்கள்"னு கேட்டுட்டு, ஊரே சேந்து மோசேயோட கையைப் பிடிச்சிருந்துதுன்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். ஊர்ங்கிறது ஒரு ஆளோட பேருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப யோசிச்சா என் தப்பே நல்லாத்தான் இருக்கு. அதே வசனத்துல இன்னொண்ணு இருக்கு, கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு மோசேயை உக்கார வெச்சாங்க. ஜெபத்துல பாஸ்டரைத் தாங்குறோம்னு சொல்றவங்க அந்த கல்லை மறந்துடுறாங்க. வாரத்துல ஒரு நாள் அவருக்கு போன் பண்ணாம இருக்கிறது ஒரு கல்லு. பிபி மாத்திரை தீர்ந்துபோச்சான்னு கேட்டு வாங்கிக் கொடுக்கிறது ஒரு கல்லு.

பாஸ்டரோட வீட்டம்மா, பாஸ்டரம்மா பத்தி சொல்லாம இருக்க முடியல. அவங்க தலைவலின்னு வருவாங்க, கதவை சாத்தினதும் அழுவாங்க. சபையில ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசினா அது எங்க போய் எப்படி திரும்பி வரும்னு அனுபவப்பட்டவங்க. புடவை நல்லா இருந்தா காணிக்கை காசு, பழசா இருந்தா சாட்சி சரியில்ல. அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்தா பிள்ளைங்க ஸ்கூல் மாறணும், எட்டாங்கிளாஸ் முடிக்கிறதுக்குள்ள நாலு ஸ்கூல் பாத்த ஒரு பையன் என்கிட்ட "எனக்கு எந்த ஊரு ஆன்ட்டி"ன்னு கேட்டான். அவங்களை பேர் சொல்லி ஜெபியுங்க. பேர் தெரியாதா, அப்ப அங்க இருந்தே ஆரம்பிங்க.

எப்படி ஜெபிக்கிறதுன்னா, நான் பண்றதைச் சொல்றேன். சனிக்கிழமை ராத்திரி ஜெபிப்பேன், அப்பதான் அவர் பிரசங்கத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாரு, நல்ல வார்த்தை கிடைக்கணும், நல்லா தூங்கணும்னு. ஞாயிறு மத்தியானமும் ஜெபிப்பேன், அவர் வெறுமையா உக்காந்திருக்கிற நேரம் அது. அப்புறம் அவர் தனியா இருக்கிறப்ப விழக்கூடாதுன்னு, பணம், பெண், புகழ் மூணையும் பேர் சொல்லியே ஜெபிப்பேன், இதுல கூச்சம் எதுக்கு. ஆனா வாட்ஸ்அப் குரூப்ல "ஜெபக்குறிப்பு: பாஸ்டர் குடும்பத்துல கொஞ்சம் பிரச்சினை, விவரம் வேணும்னா இன்பாக்ஸ் வாங்க"ன்னு போடுறீங்க பாருங்க, அது கோள், அதுக்கு கடைசில ஆமென் போட்டாலும் கோள்தான்.

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பா இருக்கும். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதேன்னு சொல்லி தப்பை மூடுறதுக்கு ஜெபத்தை போர்வையாக்காதீங்க. ஒரு பிள்ளைகிட்ட தப்பா நடந்தாருன்னு தெரிஞ்சா, முழங்கால்ல நின்னுட்டு எழுந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீஸுக்கோ சொல்லுங்க, பிள்ளைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம். அப்பவும் அவருக்காக ஜெபிக்கலாம், அவர் மனந்திரும்பணும்னு.

எங்க சேகரத்துல (ஒரு ஐயர் பாத்துக்கிற சபை வட்டாரம்) ஒரு பாட்டி இருக்காங்க, வயசு எண்பதைத் தாண்டியாச்சு. பைபிளோட பின்னட்டையில அந்த சபைக்கு வந்துபோன ஐயர்மார் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க, செத்துப்போனவங்களுக்கு மட்டும் ஒரு சிலுவை போட்டு. மாசம் பிறந்தா ஐயர் குடியிருக்கிற குருமனைக்கு போய் "ஐயரே, இந்த மாசம் உங்களுக்கு என்ன வேணும்னு ஆண்டவர்கிட்ட கேக்கட்டும்"னு கேப்பாங்களாம். இப்ப இருக்கிற ஐயர் வந்த புதுசுல சபை வளரணும் பாட்டின்னு சொல்லியிருக்காரு. பாட்டி "அது சபைக்கு, உங்களுக்கு?"ன்னு அங்கயே நின்னாங்களாம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தூக்கம் வரமாட்டேங்குது பாட்டின்னு சொல்லியிருக்காரு. மறுநாள் காலைல பாட்டியே அவரை என் கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்து, டோக்கன் போட்டு, பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்தாங்க.