விழுமியம்: அதன் நாற்காலியில் 'மதிப்பீடு' ஏன் உட்காரக் கூடாது

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்புப் பிரதி மெய்ப்பு பார்க்க வந்தது. பெண்கள், வேலை, ஊதியம் பற்றிய ஆய்வுக் கட்டுரை. மூன்றாம் பக்கத்தில் ஒரு துணைத்தலைப்பு: 'பெண்களின் பணி மதிப்பீடுகள்'. பெண்கள் செய்த வேலையை மேலாளர் யாரோ உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு பத்தி தாண்டிய பிறகுதான் விளங்கியது. வேலையில் பெண்கள் எதை உயர்வாகக் கருதுகிறார்கள், நிலையான வருமானத்தையா, சுதந்திரத்தையா, கற்றுக்கொள்ளும் வாய்ப்பையா என்பதுதான் அங்கே பேச்சு. அதாவது கட்டுரையாளர் எழுதியது பெண்களின் பணி விழுமியங்கள் பற்றி. அதன் பிறகு 'மதிப்பீடு' வந்த இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். பத்தாம் பக்கம் வருவதற்குள் பிரதிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

இது முதல் முறை அல்ல என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த இரண்டு சொற்களாலும் தமிழில் பெயர்க்கப்படும் ஆங்கில மூலச் சொல் 'வேல்யூ'. இலத்தீனில் 'வலேரே' என்றொரு வினை. வலிமையோடு இருத்தல், தகுதியோடு இருத்தல் என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் ஒரு பொருளின் பெறுமானத்தைக் குறித்தது. கணிதக்காரர்கள் அதை எண்ணுக்கு எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதிகள் தங்கள் மொழியில் பெறுமானத்தைக் குறித்த 'வெர்ட்' என்ற சொல்லை எடுத்து, மனிதர்கள் எதைச் சிறந்தது என்று பிடித்துக்கொண்டு வாழ்கிறார்களோ அதற்கு வைத்தார்கள். சமூகவியலுக்கு வந்தது இந்தப் பொருள்தான். அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் கிளக்ஹோன் 1951இல் கொடுத்த வரையறை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது: விரும்பத்தக்கது எது என்பது பற்றிய கருத்து. விரும்பப்படுவது வேறு, விரும்பத்தக்கது வேறு. தூக்கம் எல்லாரும் விரும்புவது. அதற்காகத் தூக்கத்தை யாரும் தம் விழுமியம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

வேர் பற்றி இவ்வளவு போதும்.

'விழுமியம்' கலைச்சொல்லாகப் புதுவரவுதான். ஆனால் அடி மிகப் பழையது. 'விழு' என்றால் சிறந்த. கேடில் விழுச்செல்வம் கல்வி என்கிறது 400ஆம் குறள். ஒழுக்கம் விழுப்பம் தரலான் என்கிறது 131. விழுமிய, விழுமியோர் என்பவை இலக்கியத்தில் தாராளமாகப் புழங்கியவை. அந்த 'விழுமிய' என்பதோடு 'அம்' சேர்த்துப் பெயராக்கியதுதான் இன்றைய கலைச்சொல். ஒரு சுவையான செய்தி: தொல்காப்பிய உரியியல் 'விழுமம்' என்ற சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு என்ற பொருள்களோடு இடும்பை என்ற பொருளையும் சேர்த்தே சொல்கிறது. 107ஆம் குறளில் 'விழுமம் துடைத்தவர் நட்பு' என்று வருவது துன்பம் துடைத்தவரின் நட்புதான். ஒருவர் எதைச் சிறந்தது என்று பிடித்துக்கொள்கிறாரோ அதுவே அவருக்குத் தொல்லையாகவும் முடிவதைப் பார்த்தவர்கள், இந்தச் சொல்லின் இரட்டைப் பிறவியை ரசிக்கலாம்.

இனி 'மதிப்பீடு'. மதிப்பு இடுதல் மதிப்பீடு. முதல் இடுவது முதலீடு, தலை இடுவது தலையீடு, வெளியிடுவது வெளியீடு, அதே கட்டுமானம். உள்ளே 'இடு' என்ற வினை உயிரோடு இருக்கிறது. ஒருவர் இருக்க வேண்டும். அவர் முன்னால் ஒரு பொருள் இருக்க வேண்டும். அவர் அதன் தரத்தையோ அளவையோ சொல்ல வேண்டும். ஆசிரியர் விடைத்தாளுக்குச் செய்வது மதிப்பீடு. பொறியாளர் பாலத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுத் தருவது மதிப்பீடு. அருமையான சொல். அதன் வேலையை அது ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது என்று தெரியும். முதலில் வரும் வாதம் வழக்கு. சிற்றிதழ்த் திறனாய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக 'வாழ்க்கை மதிப்பீடுகள்', 'கலை மதிப்பீடுகள்' என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். நீ யார் மாற்ற என்பார்கள். எழுதினார்கள், உண்மை. இலக்கியக் கட்டுரையில் அது தாங்கும். அங்கே 'மதிப்பீடு' பெரும்பாலும் ஒரே பொருளில் வருகிறது, வாசகர் பழகிக்கொள்கிறார். ஆய்வு எழுத்தில் தாங்காது. அங்கே அளப்பதும் அளக்கப்படுவதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது. குறியீடு என்பது குறி இடும் செயலை மட்டுமா குறிக்கிறது, இடப்பட்ட குறியையும்தானே? வெளியீடு என்றால் வெளிவந்த நூலும்தானே? அப்படியே மதிப்பீடும் செயலைத் தாண்டி விளைவைக் குறிக்கக் கூடாதா? குறிக்கலாம். ஆனால் மதிப்பிட்டதன் விளைவு என்ன? ஒரு தொகை, ஒரு தரம், ஒரு மதிப்பெண், 'இது தேறாது' என்ற ஒரு முடிவு. நேர்மையோ சமத்துவமோ சிக்கனமோ அந்தச் செயலின் விளைவு அல்ல. மதிப்பிடுவதற்கு முன்பே கையில் இருக்கும் அளவுகோல் அது. விளைவின் பெயரை அளவுகோலுக்கு வைத்தால் தராசையும் எடையையும் ஒரே பெயரால் அழைத்ததாகும்.

மூன்றாவது வாதம், 'விழுமியம்' என்றால் கீழே விழுவது நினைவுக்கு வருகிறது என்பது. இதை ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். விழுது என்றால் ஆலமரம் விழுந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, காப்பிக்குச் சொல்லிவிட்டார்.

இந்த வாதங்களெல்லாம் ஏட்டில் இருப்பவை. சேதம் எங்கே நடக்கிறது என்று காட்டுகிறேன்.

சுற்றுச்சூழலை எடுத்துக்கொள்வோம். 'சுற்றுச்சூழல் மதிப்பீடு' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? அணையோ சாலையோ கட்டும் முன் அதன் பாதிப்பைக் கணிக்கும் தாக்க மதிப்பீடுதான் தோன்றும். அந்தத் தொடர் வேரூன்றிவிட்டது. காடு, ஆறு, பிற உயிர்கள்மீது மக்கள் கொண்டிருக்கும் பற்றும் பொறுப்பும் பற்றிய ஆய்வுக்கும் அதே தலைப்பு வைத்தால் தேடி வருபவர் தவறான கதவைத் தட்டுகிறார். இதன் உச்சம் 2022இல் வந்தது. பல்லுயிரியம் பற்றி அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை தரும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பு, இயற்கையை மனிதர்கள் எந்தெந்த விதங்களில் பெரிதாகக் கருதுகிறார்கள், அதை எப்படி அளக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பில் 'வேல்யூஸ்' இருக்கிறது, 'வேல்யுவேஷன்' இருக்கிறது, 'அசெஸ்மென்ட்' இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சொல் வைத்திருப்பவர் இதைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும்: 'இயற்கையின் பல்வகை மதிப்பீடுகளும் மதிப்பீடும் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை'. நாக்குக்குப் பயிற்சியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அந்த அறிக்கையே உள்ளே நமக்கு வழி காட்டுகிறது. நீதி, சுதந்திரம், பிற உயிரிடம் பொறுப்பு என்பன போன்று வாழ்க்கையை நடத்தும் பரந்த கோட்பாடுகளை ஓர் அடுக்காக வைக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆறோ காடோ ஏன் முக்கியம், பயனுக்காகவா, தன்னளவிலா, நமக்கு அதனோடுள்ள உறவாலா என்பதை அடுத்த அடுக்காக வைக்கிறது. அளவீட்டுக் குறிகாட்டிகள் மூன்றாவது. முதல் அடுக்கு விழுமியம். இரண்டாவது மதிப்பு. மூன்றாவதில் இருப்பதே மதிப்பீட்டின் வேலை. ஆங்கிலம் 'வேல்யூ' என்ற ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்குவதைத் தமிழ் மூன்று மாடத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறது. கையில் இருக்கும் வசதியை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் நெருக்கடியை இரவல் வாங்குவானேன்?

வேலைக்கு வருவோம். எனக்கு வந்த பிரதியில் ஒரு பத்தி பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்பாட்டைப் பேசியது. 1951இல் ஏற்கப்பட்டது; சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பது அதன் உயிர். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதைவிட இது ஒரு படி மேலே போகிறது. வேலைகள் வேறாக இருந்தாலும் மதிப்பு ஒன்றானால் ஊதியமும் ஒன்றாக வேண்டும். மதிப்பு ஒன்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செய்யவேண்டிய பணியை அடிப்படையாக வைத்து, சார்பில்லாமல் வேலைகளை மதிப்பிட வேண்டும் என்கிறது அதே உடன்பாடு. கட்டுரையாளர் அதற்குமேல் கேட்ட கேள்விதான் முக்கியமானது: பராமரிப்பு, துப்புரவு போன்ற வேலைகளைப் பெண்ணின் இயல்பு என்று கருதும் சமூகத்தில், அந்த மதிப்பிடலே ஒருபக்கமாகச் சாயாதா?

ஆக, அங்கே மூன்று சங்கதிகள் நிற்கின்றன. வேலையின் மதிப்பு, அதைக் கணக்கிடும் மதிப்பீடு, கணக்கிடுபவரின் கையைச் சாய்க்கும் விழுமியம். பிரதியில் இருந்த வாக்கியம் இது: 'சமூக மதிப்பீடுகள் பணி மதிப்பீட்டைப் பாதிப்பதால் பெண்களின் வேலை மதிப்பீடு குறைகிறது.' நான் எழுதிக் கொடுத்தது: 'சமூகத்தின் விழுமியங்கள் பணி மதிப்பீட்டைச் சாய்ப்பதால் பெண்கள் செய்யும் வேலையின் மதிப்பு குறைத்துக் கணிக்கப்படுகிறது.' வாதமே இரண்டாவதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வாக்கியம் சுற்றிச் சுற்றித் தன் வாலையே கடிக்கிறது.

மதிப்பு என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. 'சமூக மதிப்பு' என்றால் தமிழ் காதில் அந்தஸ்து என்று விழுகிறது. 'அவருக்கு ஊரில் நல்ல மதிப்பு' என்பது எல்லாரும் பேசும் பேச்சு. அதனால் அந்த வழி அடைபட்டது, மேலே போகிறேன்.

1981 முதல் பல நாடுகளில் அலை அலையாக நடக்கும் கருத்தாய்வு ஒன்று இருக்கிறது. ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற அரசியல் அறிஞரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. அதை 'உலக மதிப்பீட்டு ஆய்வு' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். உலகத்துக்கே மதிப்பெண் போடுகிறார்களோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது. உலக விழுமிய ஆய்வு என்றால் தீர்ந்தது. அதன் வினாக்களைப் பார்த்தாலே சொல்லின் பொருள் பிடிபடும். வேலை தட்டுப்பாடாக இருக்கும்போது பெண்களைவிட ஆண்களுக்கே வேலைக்கு அதிக உரிமை உண்டா? பல்கலைக்கழகப் படிப்பு பெண்ணைவிடப் பையனுக்கு முக்கியமா? வளர்ச்சி குறைந்து சில வேலைகள் போனாலும் சுற்றுச்சூழலைக் காப்பதற்கு முன்னுரிமை தரவேண்டுமா, அல்லது சூழல் ஓரளவு கெட்டாலும் வளர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்குமா? பதில் சொல்பவர் எதையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் தரவில்லை. தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று காட்டுகிறார். அளவுகோலில் அவர் குறிக்கும் எண் வேண்டுமானால் மதிப்பீடு. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது விழுமியம்.

'விழு' என்றாலே சிறந்தது. அப்படியானால் ஆணுக்கே வேலை என்று சொல்பவரின் கருத்தை விழுமியம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி நியாயமானது. என்னையும் சில காலம் உறுத்தியது. சமூகவியலில் விழுமியம் என்பது சிறந்தது எது என்ற தீர்ப்பு அல்ல, ஒரு கூட்டம் எதைச் சிறந்தது என்று வைத்திருக்கிறது என்ற செய்தி. ஆணாதிக்க விழுமியமும் அதைப் பிடித்திருப்பவருக்கு விழுப்பமானதுதான். ஆய்வாளருக்கு அது பிடிக்க வேண்டியதில்லை. மூலச் சொல்லும் வலிமை, தகுதி என்ற நல்ல குடும்பத்தில் பிறந்ததுதான். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இதற்காக 'விழுமியம்' என்று எழுதுபவர்களெல்லாம் சரியாக எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் அது பாரம்பரியம் என்பதற்கு அலங்காரப் பெயராகிவிட்டது. 'நம் விழுமியங்களைக் காப்போம்' என்பார்கள். எவை என்று கேட்டால் கோபுரத்தைக் காட்டுவார்கள். விளம்பர நிறுவனங்கள் சோப்புக்கும் விழுமியம் கண்டுபிடித்துவிட்டன. நெறிக்கும் விழுமியத்துக்கும் வேறுபாடு தெரியாமல் கலப்பவர்களும் இருக்கிறார்கள். வரிசையில் நில் என்பது நெறி. எல்லாரும் சமம் என்பது அதன் பின்னாலுள்ள விழுமியம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் என் குறை தூய்மை பற்றியது அல்ல. மதிப்பீடும் தூய தமிழ்தான். கையில் ஒரு கலைச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சொல் வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதை ஒட்டுகிறார்கள். பத்தியில் யார் யாரை அளக்கிறார் என்று ஒரு நொடி நின்று பார்ப்பதில்லை. ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் ஒரே தட்டலில் மாற்றித் தரும் கணினி வசதி அந்த ஒரு நொடியையும் பறித்துவிட்டது.

அந்தப் பிரதியை வட்டங்களோடும் ஓரக் குறிப்புகளோடும் திருப்பி அனுப்பினேன். சென்ற வாரம் அச்சான இதழ் கைக்கு வந்தது. ஆவலோடு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். என் சொல்லுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்; தங்கள் சொல்லையும் விடவில்லை. துணைத்தலைப்பு இப்போது 'பெண்களின் பணி விழுமிய மதிப்பீடுகள்'.