கிரிப்டிக் என்றால் கரந்துறை

இங்கிலீஷ் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைத் தினமும் விடாமல் போடுகிற ஒரு சிறு கூட்டம் சேலத்தில் உண்டு. பென்ஷன் வாங்குகிறவர்கள், பேங்க் ஊழியர்கள், ஈரோட்டுக்கு ரயிலில் போய்வருகிற சிலர். பார்த்த இடத்தில் இவர்கள் கேட்டுக்கொள்வது, "இன்னைக்குக் கிரிப்டிக் முடிஞ்சுதா?" பக்கத்தில் நிற்கிறவர் "கிரிப்டிக்னா என்னங்க?" என்று கேட்டால், "கஷ்டமா இருக்குமே, அது" என்று பதில் வரும். இந்தப் பதிலோடுதான் எனக்குத் தகராறு. விடையைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்துவைக்கும் கிரிப்டிக்கில் டீ ஆறுவதற்குள் முடிகிறதும் உண்டு. பொருளை மட்டும் சொல்லி விடை கேட்கும் நேரடிக் குறுக்கெழுத்தில் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிறதும் உண்டு. கஷ்டத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.

சொல்லின் ஊர் கிரேக்கம். கிரிப்டோஸ் என்றால் ஒளித்துவைத்தது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பெரிய குடும்பமாகப் பெருகிவிட்டது. பழைய சர்ச்சுகளின் அடியில் இருக்கும் நிலவறை கிரிப்ட். மறைத்து எழுதும் கலை கிரிப்டோகிராஃபி. அதை வைத்துப் பூட்டிய காசு, இன்று எல்லாருடைய போனிலும் விளம்பரமாக வந்து விழுகிற கிரிப்டோ. 1898-இல் ராம்சே, டிராவர்ஸ் என்ற இருவர் திரவமாக்கிய காற்றிலிருந்து ஒரு வாயுவைக் கண்டுபிடித்து, கிரிப்டான் என்று பெயர் வைத்தார்கள். இந்தக் குடும்பத்தில் நம் குறுக்கெழுத்துக்கு நெருங்கிய சொந்தம் இந்த கிரிப்டான்தான். அது எங்கேயோ பாதாளத்தில் கிடக்கவில்லை. எல்லாரும் மூச்சு விடுகிற காற்றிலேயே இருந்தது, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கிரிப்டிக் குறிப்பிலும் விடை அப்படித்தான், கண் எதிரே கிடக்கும்.

ஒன்றைப் பிரித்துக் காட்டினால் சுலபமாகப் புரியும். சேலத்துக்காரர்களுக்காக நான் கட்டிய குறிப்பு இது:

குஸ்திக்கு அரசனை அழைத்தால் பழம் (4)

முதல் வாசிப்பில் ஒரு சின்னக் கதை தெரியும். ராஜாவைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் சின்னப் பிள்ளைகள் காய் விட்டுப் பழம் விடுவதுபோல ராசியாகிவிடுகிறார்கள். இந்தக் கதையை அப்படியே கீழே போட்டுவிட வேண்டும். குஸ்திக்கு இன்னொரு சொல் மல். அரசன், கோ. அழைப்பது, வா. மூன்றையும் வரிசையாக வைத்தால் மல்கோவா. குறிப்பின் கடைசியில் நிற்கும் 'பழம்' விடைக்கான நேர்ப்பொருள். அடைப்புக்குள் இருக்கும் 4, எழுத்துக் கணக்கு: ம, ல், கோ, வா. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மாம்பழ சீசனில் கடைவீதியில் கூடைகளுக்கு நடுவே நின்றபடி இதை ஒரு அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருஷமாகக் குறுக்கெழுத்துப் போடுகிறவர். "பழம்னு மொட்டையா போட்டா எப்படிங்க? ஆயிரம் பழம் இருக்கே."

"ஆயிரம் இருக்கட்டும்ங்க அண்ணா. குஸ்தியும் ராஜாவும் உள்ள இருக்கற பழம் ஒண்ணுதானே?"

"குஸ்திங்கறீங்க, ராஜாங்கறீங்க, பழம் எடுக்கறீங்களா இல்லையா?" என்றார் கடைக்காரர்.

அண்ணனின் ஆட்சேபம் நியாயமானது, அதற்கான பதிலும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. நல்ல கிரிப்டிக் குறிப்பில் விடைக்குப் போக இரண்டு வழி இருக்கும். ஒரு முனையில் நேர்ப்பொருள், மறுமுனையில் எழுத்துகளைக் கூட்டிக் கழிக்கும் சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்ட வேண்டும். முட்டிவிட்டால் சரிபார்க்க நாளை வரும் விடைக் கட்டம் தேவையில்லை. விடை தானே தன்னை நிரூபித்துக்கொள்ளும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு சொல்கூடக் குறிப்பில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. 'முடிவில் பழம்' என்று எழுதியிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 'முடிவில்' என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை, அதனால் அதற்கு இடமும் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். அவர் வைத்த பெயர் வேர்ட்-கிராஸ். சில வாரங்களில் அது தலைகீழாகி கிராஸ்-வேர்ட் ஆனது. கலைந்த சொல்லே அந்த விளையாட்டுக்குப் பெயராக நின்றது பொருத்தம்தான். அதில் இருந்தவை நேரடிக் குறிப்புகள். ஒளித்துவைக்கும் வேலையை முழுக்கலையாக்கியது இங்கிலாந்து. 1926-இலிருந்து அப்சர்வர் பத்திரிகையில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ், டார்கெமடா என்ற புனைபெயரில் புதிர் கட்டினார். டார்கெமடா என்பது ஸ்பெயினில் சித்திரவதைக்குப் பேர்போன மதவிசாரணை அதிகாரியின் பெயர். 1939-இல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவரும் செமனிஸ் என்று இன்னொரு மதவிசாரணை அதிகாரியின் பெயரையே வைத்துக்கொண்டார். தீர்க்கிறவனைத் துன்புறுத்துவதுதான் தொழில் என்று அவர்களே ஒப்புக்கொண்டதுபோல! ஆனால் ஒரு சொல்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்பது போன்ற நியாயங்களைக் கறாராக நிலைநாட்டியவரும் இந்த செமனிஸ்தான். நம் பக்கத்தில், இந்து நாளிதழுக்கு 1970-களின் தொடக்கத்தில் புதிர் கட்டியவர் அட்மிரல் கடாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

முதலில் நாக்கில் வருவது பூடகம். 'கிரிப்டிக்கா பேசாதே' என்று பிள்ளைகள் சொல்லும் இடத்தில் 'பூடகமாகப் பேசாதே' என்பது அச்சாகப் பொருந்தும். ஆனால் பூடகமாகப் பேசுகிறவருக்கு நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிர் கட்டுகிறவருக்கு உண்டு. சங்கேதம் என்றால் இரண்டு பேர் முன்பே பேசிவைத்துக்கொண்டது. மூன்றாவது ஆளுக்குப் புரியாது. குறுக்கெழுத்தோ பேப்பர் வாங்கும் அத்தனை பேருக்குமானது. மறைபொருள் என்றால் தத்துவ வாடை வந்துவிடுகிறது. விடுகதை வேறு சாதி. தொல்காப்பியம் பிசி என்று சொல்லும் அந்த வகையில், ஒரு பொருள் இன்னொரு பொருளின் சாயலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிரிப்டிக்கில் ஒளிந்திருப்பது பொருளே இல்லை, எழுத்து.

எழுத்தை எழுத்துக்குள் ஒளித்துவைப்பதற்குத் தமிழில் தனி இலக்கணமே இருக்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில், எழுத்தை வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளை அடுக்கும் இடத்தில் கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று வரும். ஒரு செய்யுளுக்குள்ளேயே இன்னொரு செய்யுளுக்கு வேண்டிய எழுத்துகள் ஒளிந்திருக்கும். தேடி எடுத்துக்கொள்ள வேண்டியது படிக்கிறவர் பாடு. கரத்தல் என்றால் மறைதல், உறைதல் என்றால் தங்குதல். மறைந்து தங்கியிருப்பது கரந்துறை. ஜோதிடத்திலும் கண்ணுக்குப் புலப்படாத சில கோள்களைக் கரந்துறை கோள்கள் என்பார்கள். கிரிப்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று கிடைக்காது. 'உறை' என்ற பாதி கூடுதல் லாபம்: காணாமல் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. ஆகவே கிரிப்டிக் கிராஸ்வேர்டுக்கு என் ஓட்டு, கரந்துறைக் குறுக்கெழுத்து.

பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே இருக்கும் உத்திகளுக்கும் அந்தப் பட்டியலிலேயே சொல் கிடைக்கிறது. ஒரு சொல்லில் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போக வேறு வேறு சொல் வருவது அக்கரச் சுதகம். கூட்டிக்கொண்டே போக வருவது எழுத்து வருத்தனம். சித்திரகவியில் எனக்கு மிகவும் பிடித்தது மாத்திரைச் சுருக்கம். நெடில் குறிலாகி வேறு சொல் பிறக்கும். தமிழ் எழுத்தின் உடம்பில் காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் இருப்பதால், இதை வைத்து ஆங்கிலத்தில் கனவிலும் கட்ட முடியாத குறிப்புகளைக் கட்டலாம்:

கால் ஒடிந்த பாடம் தியேட்டரில் ஓடும் (3)

பாடத்தின் துணைக்கால் ஒடிந்தால் படம். கால் ஒடிந்தபின் ஓடுகிறதே என்று யோசிக்கிறவர் கதைக்குள் மாட்டிக்கொண்டார் என்று பொருள். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நேராக உள்ளே ஒளித்துவைப்பதும் உண்டு. சேலம் ராஜகணபதியை மனதில் வைத்துக் கட்டியது: 'அரசே, லம்போதரா' என்ற அழைப்புக்குள் ஒரு நகரம் (3). காற்புள்ளியை மறந்துவிட்டு இரண்டு சொல்லையும் ஒட்டிப் படியுங்கள். சே, ல, ம்.

சிலேடைக்கு, அதாவது இரட்டுற மொழிதலுக்கு, காளமேகத்தைப் படித்த நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐந்துக்குப் பின்னால் ஓடுவது (2) என்றால் பஸ்ஸைத் துரத்துகிற ஆள் மனதில் வருவார். ஐந்துக்குப் பின் வருவதும் ஆறு, ஓடுவதும் ஆறு.

சொல்லைத் துண்டு துண்டாக ஒட்டுவதற்கு ஏற்காட்டைப் பார்க்கலாம். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிருக்கு அந்தப் பிரிப்பு உதவாது, எழுத்து இடிக்கும். நான் பிரித்தது இப்படி: அம்பு காற்றின் நடுவே பாய்ந்து வனம் சேர, மலையூர் (4). இலக்கியத் தமிழில் அம்புக்கு ஏ என்று பெயர், ஏவுதலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'காற்று' என்ற சொல்லின் நடு எழுத்து ற். வனம், காடு. ஒன்று, அடிவாரத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுக்குள் பென்சிலும் கட்டமும் ஒத்துவராது.

அனகிராம் என்ற எழுத்துக் கலைப்பு மட்டும் தமிழுக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஆங்கிலத்தில் 26 எழுத்து. எதைக் குலுக்கினாலும் ஏதோ ஒரு சொல் விழும். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. 'லை' என்ற எழுத்தைச் சொல்லின் தொடக்கத்தில் தூக்கி வைத்துவிட முடியாது. கிடைத்தவற்றில் நான் மெச்சுவது: நகரம் நிலைகுலைந்தால் பாவிகள் சேருமிடம் (4). நரகம். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவர்கள் இதை உடனே போட்டுவிடுவார்கள். கலைந்திருக்கிறது என்பதற்கு இங்கே சைகை 'நிலைகுலைந்தால்'. அப்படி ஒரு சைகைச் சொல் இல்லாமல் எழுத்தைக் கலைப்பது அழுகுணி ஆட்டம்.

இந்த 247-தான் கட்டத்தையும் பாதிக்கிறது. தமிழில் ஏராளமான சொற்கள் ம் என்று முடியும். ஆனால் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. குறுக்கே போன சொல் ம் என்று முடிந்த கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்கவே முடியாது. அங்கே முடிகிற சொல்லையோ, ம் நடுவில் வருகிற சொல்லையோதான் கொண்டுவர வேண்டும். நம் வார இதழ்களில் 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்பவற்றோடு 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்றும் குறிப்புகள் இருப்பது கட்டுகிறவருக்கு இதில் பெரிய கைகொடுப்பு. வேர்ட் என்பதைச் சொல் என்று பெயர்க்காமல் குறுக்கெழுத்து என்று பெயர் வைத்தவர் யாரோ, கட்டத்துக்குள் ஒன்றையொன்று வெட்டுவது எழுத்துதான் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் 'போட்டி' என்ற வாலை மட்டும் கரந்துறைக்குப் போட வேண்டாம் என்பேன். பரிசுப் பணத்துக்காகக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றை அடக்க 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டமே வந்தது. பரிசுத்தொகை மாதம் 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. அது செல்லுமா என்ற வழக்கு 1957-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது, சட்டம் நின்றது. சூதாட்டத்தோடு சேர்த்து வைத்து யோசிக்கப்பட்ட அந்தப் போட்டிகளின் பெயரை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத இதற்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? 'கரந்துறைப் புதிர்' என்றாலே போதும். குறிப்பைக் 'கரந்துறைக் குறிப்பு' எனலாம். எழுதுகிறவரைப் புதிர் கட்டுகிறவர் என்பதே நன்றாக இருக்கிறது. இங்கிலீஷில் சொல்வதுபோல செட்டர் என்றால் சேலத்தில் வேறு எதையாவது நினைப்பார்கள்.

கடைசியாக ஒன்று, விடை எழுதாமல் விடுகிறேன்:

வாலறுந்த கருமி குன்றோடு சேர, சேலத்தில் சித்தர் கோயில் உள்ள இடம் (5)

அமாவாசைக்கு அங்கே போய்வந்தவர்களுக்குப் பென்சில்கூடத் தேவைப்படாது. மற்றவர்கள் கருமிக்கு இன்னொரு சொல்லை எடுத்து, அதன் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு ஆரம்பிக்கலாம்.