முன்முடிவு: சொல்லும் பொருளும்

அறிமுகம் இல்லாத ஒருவரை அவருடைய இனம், சமயம், சாதி, ஊர் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவும் மறுக்கும் மனநிலையே முன்முடிவு எனப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘பிரெஜுடிஸ்’ என்று வழங்கும் இதற்குத் தமிழில் தப்பபிப்பிராயம், தப்பெண்ணம், பாரபட்சம், காழ்ப்பு எனப் பல சொற்கள் உள்ளன. ஆனால் அவை ஒரே பொருளைத் தருவன அல்ல. அந்நியர்கள் நேரில் கதைத்தால் இம்மனநிலை குறையும் என்ற பேச்சு, மூவினத்தவரும் வாழும் திருகோணமலையில் அடிக்கடி எழுவதால், குறைய வேண்டியது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘பிரேயூதிக்கியும்’ என்னும் இலத்தீன் சொல். ‘பிரே’ என்பது முன், ‘யூதிக்கியும்’ என்பது தீர்ப்பு. உரோமச் சட்டத்தில் அது பழிச்சொல் அன்று. முதன்மை வழக்குக்கு முன்னர், ஒருவர் அடிமையா சுதந்திரரா என்பது போன்ற கேள்வியைத் தனியே விசாரித்து முடிவுசெய்யும் நடைமுறைக்கு வழங்கிய பெயர். அம்முன்தீர்ப்பு அடுத்த வழக்கில் ஒருவருக்குப் பாதகமாக அமையக்கூடும் என்பதால் ‘தீங்கு’ என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது.

தப்பபிப்பிராயம் என்பது ‘தப்பு’ என்ற தமிழ்ச்சொல்லையும் ‘அபிப்பிராயம்’ என்ற வடசொல்லையும் இணைத்த கலப்புச்சொல். வடசொல்லை நீக்கி ‘எண்ணம்’ என்று வைத்தால் தப்பெண்ணம் கிடைக்கிறது. பலர் அதையே தூய தமிழ்ச்சொல்லாகக் கொண்டு மனநிறைவு அடைகின்றனர். பாரபட்சமும் ஓரவஞ்சனையும் செயலைக் குறிப்பவை: வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒருவரை இனம் பார்த்து ஒதுக்குவது பாரபட்சம், அதற்குப் பின்னால் இருக்கும் மனநிலை வேறு. காழ்ப்போ ‘காழ்’ என்பதிலிருந்து வந்தது. காழ் என்பது மரத்தின் வயிரம். முள்மரத்தை இளையதாகவே களைய வேண்டும், முற்றினால் அது களைபவரின் கையையே வருத்தும் என்னும் 879ஆம் குறளில் ‘காழ்த்த விடத்து’ என வருவது இவ்வேரே. ஆகவே வயிரம் பாய்ந்த வெறுப்புக்கே காழ்ப்பு பொருந்தும். பக்கத்து ஊராரைப் பற்றிக் கேள்விப்பட்டதை அப்படியே நம்புகிற சாதாரண மனிதரைக் காழ்ப்புடையவர் என்று சொல்வது அவர்மீதே நாம் எழுதும் ஒரு முன்தீர்ப்பாகிவிடும்.

தப்பெண்ணம் என்ற சொல்லின் குறை நுட்பமானது. எண்ணம் தவறு என்றால், சரியான தகவலைக் கொடுத்தவுடன் அது திருந்திவிட வேண்டும். ஆய்வுகள் காட்டுவது அதுவன்று. நேரடித் தொடர்பு முன்முடிவைக் குறைக்கும் என்ற கருத்தை 1954இல் விரிவாக எழுதிய உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், சம தகுதி, பொது நோக்கம், ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு ஆகிய நான்கும் அமையும்போது பயன் கூடும் என்றார். தோமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, தொடர்பு பொதுவாக முன்முடிவைக் குறைப்பதைக் கண்டனர். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 2008இல் ஆராய்ந்தபோது, மற்றக் குழுவைப் பற்றிய அறிவு கூடுவதைவிட, அவர்களைச் சந்திப்பதிலுள்ள பதற்றம் தணிவதும் அவர்கள் நிலையில் நின்று உணர்வதுமே கூடுதலாகப் பங்காற்றுவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகச் சென்று சுமார் பத்து நிமிடம் நடத்திய உரையாடல்கள், திருநர் மீதான முன்முடிவைக் குறைந்தது மூன்று மாதங்களுக்குக் குறைத்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அங்கே விரிவுரை நிகழவில்லை. பிறர் உங்களைத் தவறாக எடைபோட்ட நேரம் உண்டா என்று கேட்டு, சொன்னதைக் கேட்டிருந்தார்கள். விசாரணைக்கு முன் எழுதிய தீர்ப்பைப் பிந்தியாவது விசாரிக்கும் வேலை இது. ஆகவே ‘முன்முடிவு’ என்பதே பொருத்தமான தமிழ்.

திருகோணமலையில் இத்தகைய பேச்சுக்கு வாய்ப்பான இடங்கள் பல இருந்தன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிண்ணியாவுக்குச் செல்லும் வழியிலுள்ள நீரைக் கடக்க, ‘பாதை’ எனப்படும் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. உத்தியோகத்தரும் மீன் வியாபாரியும், தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே துறையில் ஒரே வெயிலில் நின்றபோது, ஆல்போர்ட் சொன்ன சம தகுதி தானாகவே அமைந்தது. பாலம் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் பேருந்துச் சன்னலோரத்தில் அருகிருப்பவரோடு கதைக்கக் காரணம் குறைவு. தமிழரும் முஸ்லிமும் ஒரே மொழியைப் பேசுவதால் அவர்களிடையே பேச்சுத் தொடங்குவது எளிது. சிங்களவருடன் மொழியும் குறுக்கே நிற்கிறது. காணி, மீள்குடியேற்றம் போன்றவற்றை இந்தச் சொல்லுக்குள் அடக்கக்கூடாது. அவை உரிமை சார்ந்த பிணக்குகள்; தேநீர் குடித்துக் கதைத்தால் தீர்பவை அல்ல.

வழக்கில் ‘முன்முடிவு கொள்ளுதல்’ என்று எழுதலாம். ‘முன்முடிவு எடுத்தல்’ என்றால், ஆய்ந்து எடுத்த தீர்மானம் போலத் தோன்றும். சட்டத்தரணிகளின் கடிதங்களில் இதே ஆங்கிலச் சொல் வரும் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்ற தொடரை ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்றே மொழிபெயர்க்க வேண்டும். அங்கே எஞ்சியிருப்பது உரோமச் சட்டத்தின் ‘தீங்கு’ என்ற பொருள் மட்டுமே.