புளோயர் டோர்: தமிழில் எப்படிச் சொல்வது?

குளிர்நாடுகளில் வீட்டைச் சோதித்துச் சூடு வீணாகாமல் சரிசெய்பவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல் 'புளோயர் டோர்' (blower door). வீட்டில் காற்று எங்கே, எவ்வளவு கசிகிறது என்று காட்டும் கருவி அது. பெயரை நம்ப வேண்டாம். அது கதவும் அல்ல, பெரும்பாலும் ஊதுவதும் இல்லை.

வாசற்கதவைத் திறந்து, நிலைக்குள் ஒரு சட்டத்தைப் பொருத்தி, காற்றுப் புகாத துணியை அதில் இழுத்துக் கட்டுவார்கள். துணியின் ஓட்டையில் ஒரு மின்விசிறி. அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறையும்வரை வேகத்தைக் கூட்டுவார்கள். 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் அது. அதற்கே சந்துபொந்துகளில் எல்லாம் காற்று உள்ளே சீறும். அருகில் புகையைக் காட்டினால் கலைந்தோடும். அப்புறம் அடைப்பது, மறுபடி அளப்பது.

1977 வாக்கில் சுவீடனில் இந்த விசிறியைச் சன்னலில்தான் பொருத்தினார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அது வாசலுக்கு மாறியது. 'டோர்' வந்தது அப்படித்தான். 1979-இல் கௌதம் தத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை வைத்துப் பார்த்தபோது, எல்லோரும் குறைசொன்ன சன்னல், கதவு, சுவிட்ச் பெட்டி ஆகியவற்றைவிட, கண்ணுக்குத் தெரியாத மறைவழிகளில்தான் காற்று அதிகம் கசிவது தெரிந்தது. சுவருக்குள்ளேயே ஏறிப் பரணுக்குப் போய்விடும் வழிகள் அவை. இப்படித் தேடி அடைக்கும் வேலைக்கு 'ஹவுஸ் டாக்டரிங்' என்று பெயர் வைத்தார்கள். அதை 'வீட்டு வைத்தியம்' என்று மாற்றினால் சுக்குக் கஷாயம்தான் நினைவுக்கு வரும்! 'வீட்டுக் கசிவு நீக்கல்' போதும்.

அளவு சொல்லும் முறை இது: 50 பாஸ்கலில், ஒரு மணி நேரத்தில் வீட்டின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு காற்று மாறுகிறது? மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் பிறந்த 'பாசிவ் ஹவுஸ்' தரம் 0.6 மடங்குக்கு மேல் விடாது. அவ்வளவு இறுக்கினால் காற்றோட்டத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஊதுகதவு' சொல்லுக்குச் சொல் சரி, பொருளில் தவறு. 'துருத்திக்கதவு' அழகுதான், ஆனால் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய்விடும். வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் 'காற்றுக்கசிவுமானி' என்பதே என் தேர்வு. சோதனைக்குக் 'காற்றுக்கசிவுச் சோதனை'. பேச்சில் 'கசிவுமானி' என்று சுருக்கிக்கொள்ளலாம்: "பரணை அடைச்சாச்சு, கசிவுமானி வச்சு இன்னொரு தடவை பார்த்துடுங்க."