கீழே இருக்கிறது, எடுக்கலாமா?

என் தாத்தா குடியாத்தத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். வட ஆற்காட்டில் இப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகும், "தங்கம் இன்னும் கீழேதான் இருக்கிறதப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது உண்மை. ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு டன் பாறையை மேலே கொண்டுவர ஆன செலவுக்கு, அதிலிருந்த சில கிராம் தங்கம் ஈடாகவில்லை.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் தென்பட்ட செய்தியைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. பல்லேடியம் அந்தக் குடும்பத்து உலோகம். பெட்ரோல் வாகனப் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியில்தான் அதன் பெரும்பகுதி செலவாகிறது. ஓரிடத்தில் அது இருக்கிறது என்பதற்கும், அதைத் தோண்டினால் கட்டுப்படியாகும் என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

முதலில் துளையிட வேண்டும். வேலூரில் போர் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் 300 அடியில் தண்ணீர் வரும். நம் வீட்டில் 800 அடியிலும் புழுதிதான் பறக்கும். தாதுவும் அப்படித்தான். இரண்டு துளைகளில் பல்லேடியம் கிடைத்தால், நடுவிலும் இருக்கும் என்பது ஊகம் மட்டுமே. துளைகளை நெருக்கமாக இட இடத்தான் ஊகம் அளவீடாக மாறும். நம் போர் லாரி பாறையைத் தூளாக்கித் தள்ளும். ஆய்வுத் துளையிலோ வைரம் பதித்த குழாய், பாறையை உருளையாக அறுத்து முழுசாக வெளியே எடுக்கும். எந்த ஆழத்தில், எத்தனை சென்டிமீட்டர் தடிமனில் உலோகம் இருக்கிறது என்பதை அதில் படிக்கலாம்.

அந்தத் தடிமன்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. ஓர் எடுத்துக்காட்டு. 75 சென்டிமீட்டர் தடிமனுள்ள படிவில் டன்னுக்கு 6 கிராம் பல்லேடியம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் இயந்திரமும் நுழைய ஒன்றரை மீட்டர் உயரம் வேண்டும் என்றால், பாதிக்குப் பாதி வெறும் பாறையையும் சேர்த்தே வெட்ட வேண்டும். 6 கிராம் 3 கிராமாகிவிடும்.

வெட்டியதை மாவாக அரைத்து, ரசாயனம் கலந்த நீரில் காற்றை ஊதுவார்கள். உலோகம் ஒட்டிய கந்தகத் தாதுத் துகள்கள் நுரையோடு மிதந்து வரும். எல்லாம் வராது. 80 சதவீதம் வந்தால் 2.4 கிராம். மேற்பரப்புக்கு அருகே மழையும் காற்றும் பட்டு மாறிப்போன தாதுவில் இன்னும் குறையும். உருக்காலை தன் பங்கை எடுத்துக்கொண்டு, 2 கிராமுக்குப் பணம் தருகிறது என்று கொள்வோம்.

பல்லேடியத்துக்கு விலை சொல்வது ட்ராய் அவுன்ஸ் கணக்கில். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். அவுன்ஸ் 1,000 டாலர் என்றால் நம் டன் பாறைக்கு 64 டாலர். 3,000 என்றால் 193. வெட்டி, அரைத்து, பிரிக்கும் செலவு டன்னுக்கு 100 டாலர் என்றால், அதே பாறை ஒரு விலையில் தாது, மற்றொரு விலையில் வெறும் கல். இது கற்பனை ஏற்ற இறக்கம் அல்ல. 2022 மார்ச்சில் பல்லேடியம் 3,000 டாலரைத் தாண்டியது. 2024-இல் 1,000 டாலரை ஒட்டி இறங்கியது.

இந்த அடியைத் தாங்கத் துணை உலோகங்கள் வேண்டும். ரஷ்யாவின் நோரில்ஸ்கில் நிக்கலும் செம்பும் பல்லேடியத்தோடு சேர்ந்தே வருகின்றன. ஒன்றின் விலை விழுந்தாலும் மற்றவை தாங்கும். பல்லேடியத்தை மட்டும் நம்பும் சுரங்கத்துக்கு அந்தத் துணை இல்லை.

இன்று கண்டுபிடித்த படிவு சுரங்கமாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதனால் இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போடுவது எனக்குப் பெரும் பிழையாகப் படுகிறது. ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றுக்குப் புகையும் இல்லை, பல்லேடியமும் வேண்டாம். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஸ்டில்வாட்டர் படிவு, பிளாட்டினக் குடும்ப உலோகங்களில் உலகின் மிகச் செறிவான படிவுகளில் ஒன்று. விலை சரிந்ததால் 2024-இல் அங்கேயும் சுரங்கத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.